பூட்டிய அறையில் ஒரு பிசினஸ் மாடல்

"டமார்" என்று ஒரு சத்தம். வராந்தா ஜன்னலை யாரோ திறந்துவிட்டதில், காற்று அடித்து ஆலோசனை அறையின் கதவு சாத்திக்கொண்டது. அதன் வாலைப் பிடித்தாற்போல "டக்" என்று இன்னொரு சத்தம். இது சின்ன சத்தம்தான்; ஆனால் வில்லங்கம் இதில்தான் இருந்தது. எழுந்து போய்க் கைப்பிடியைத் திருகிய நிறுவனரோடு கைப்பிடி வந்தது, கதவு வரவில்லை.

"ஒண்ணுமில்லை, சின்ன விஷயம்" என்று சொல்லி, நிறுவனர் கைப்பிடியை மேஜைமேல் டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

மணி ஒன்று ஐம்பது. உள்ளே ஐந்து பேர். நான்கு பேர் டீ குடிக்கிறவர்கள். ஐந்தாவது, டீ கொண்டுவந்த அக்கா.

வீட்டில் குழாய் ஒழுகினால், மின்விசிறி நின்றால், பூட்டு மாட்டிக்கொண்டால், செல்போனில் ஒரு தட்டு தட்டினால் போதும், அக்கம்பக்கத்து வேலைக்காரர் ஒருவர் வாசலில் வந்து நிற்பார். அப்படி நிற்க வைப்பதற்காக ஆரம்பித்த நிறுவனம் அது. ஆரம்பித்துப் பதினான்கு மாதம் ஆகிறது. இதுவரை யார் வாசலிலும் யாரும் நிற்கவில்லை. ஆப் தயார்தான். கடைசித் திரையில் ஒரே ஒரு பட்டன் பாக்கி. அந்தப் பட்டனை அழுத்தினால் யார் யாருக்கு எப்போது பணம் கொடுப்பார்கள் என்பது முடிவாகவில்லை. அதற்குப் பெயர் பிசினஸ் மாடல். அதை முடிவுசெய்ய வாரம் இரண்டு கூட்டம் நடக்கும். சுவர் முழுக்க ஆறு நிறங்களில் சீட்டு ஒட்டியிருந்தார்கள். மஞ்சள் சீட்டு என்றால் கேள்வி. பச்சை என்றால் இன்னும் ஆழமான கேள்வி.

இன்று முடிவெடுக்காமல் யாரும் எழுந்து போகக் கூடாது என்று நிறுவனர் காலையிலேயே சொல்லியிருந்தார். கவனம் சிதறாமலிருக்க எல்லாருடைய போன்களையும் ஒரு கூடையில் வாங்கி வெளியே வைத்துவிட்டார். அக்கா கூட்டத்தின் உறுப்பினர் இல்லை. அதனால் அவள் போன் அவளிடமே இருந்தது.

அக்காவுக்கு அன்று அரை நாள் விடுப்பு. நான்கு டம்ளரை வைத்துவிட்டு, ஒரு கடிதத்தில் நிறுவனரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, அப்படியே கிளம்புவதாக ஏற்பாடு. தோளில் பை மாட்டியாகிவிட்டது. பைக்குள் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் சான்றிதழ்கள். பெரிய மருத்துவமனையின் சமையல்கூடத்தில் மேற்பார்வை வேலை. நிரந்தர வேலை. மூன்று வருடம் காத்திருந்து, பட்டியலில் அவள் பெயர் மேலே வந்திருந்தது. மாலை நான்கு மணிக்குள், அனுபவக் கடிதத்தோடு நேரில் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அடுத்த பெயர்க்காரி காலை ஒன்பது மணியிலிருந்தே சோற்று மூட்டையோடு அங்கே உட்கார்ந்திருப்பதாகத் தகவல்.

கட்டட வாட்ச்மேன் ஓடிவந்து தன்னிடமிருந்த சாவிகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். சாவி சுற்றியது, பூட்டு அசையவில்லை. பூட்டுக்காரரைத்தான் கூப்பிட வேண்டும் என்று கதவுக்கு அப்பாலிருந்து தீர்ப்பு சொன்னார். அக்கா போனை எடுத்தாள்.

ஒன்பதாவது நிமிடம் பூட்டுக்காரர் வந்துவிட்டார். இரண்டு தெரு தள்ளித்தான் அவர் கடை. கதவில் காதை வைத்து, விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"பூட்டோட நாக்கு உடைஞ்சு குறுக்கே விழுந்திருக்கு. ரெண்டு நிமிஷ வேலை. கொஞ்சம் தள்ளி நில்லும்மா."

பை திறக்கும் சத்தமும் இரும்பு உரசும் சத்தமும் கேட்டன. நிறுவனர் நிமிர்ந்தார். யார் அது, எப்படி வந்தார், எந்த ஆப்பில் கூப்பிட்டீர்கள் என்று வரிசையாக விசாரித்தார்.

"ஆப் இல்லை சார்" என்றாள் அக்கா. "என் வீட்டுக்காரர்."

யாரோ சபையில் தும்மிவிட்டது போல மற்ற மூவரும் குனிந்துகொண்டார்கள்.

"நிறுத்தச் சொல்லுங்க" என்றார் நிறுவனர். எழுந்து, வெள்ளைப் பலகைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அங்கே நின்றால்தான் அவருக்குப் பேச்சு வரும். "யோசிச்சுப் பாருங்க. தெரிஞ்ச ஆளைக் கூப்பிடறதுதான் மனுஷனைப் பிடிச்ச வியாதி. தாத்தா காலத்துலேர்ந்து பைப்புக்கு ஒரு தெரிஞ்ச ஆள், பூட்டுக்கு ஒரு தெரிஞ்ச ஆள். கூப்பிட்டா வர்றான், செஞ்சு கொடுக்கறான், போறான். நடுவுல யாருமே இல்லை! அந்த நடு இடம் எவ்வளவு காலமாக் காலியாக் கிடக்குது! அதை நிரப்பத்தான் நாம இருக்கோம். நம்ம கதவையே தெரிஞ்ச ஆள் வந்து திறந்தா, முதலீட்டாளர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

ஆக, கதவு நிறுவனத்தின் ஆப் வழியாகத்தான் திறக்கப்படும் என்று ஏகமனதாக முடிவாயிற்று. பதினான்கு மாதத்தில் அவர்கள் எடுத்த முதல் முடிவு அது. நால்வரில் ஒருவரான சந்தா மேடம் கைதட்டினார்.

ஆப்பில் பதிவு செய்வதற்கு பட்டன் வேண்டும். பட்டன் வருவதற்கு பிசினஸ் மாடல் வேண்டும். அதற்குத்தான் கூட்டம். அக்கா இந்த மூன்றையும் மனதுக்குள் வரிசையாக அடுக்கிப் பார்த்தாள். கிணற்றைச் சுற்றி வந்த மாதிரி இருந்தது.

அவள் தயங்கித் தயங்கி, கையெழுத்தையாவது இப்போதே போட்டுக்கொடுத்தால் புண்ணியமாகப் போகும் என்று கேட்டாள். கதவு முறைப்படி திறந்ததும் முதல் வேலை அதுதான் என்று நிறுவனர் அன்பாகச் சொன்னார். 'முறைப்படி' என்ற சொல்லில் கொஞ்சம் அதிகமாக அழுத்தம் இருந்தது. வெளியே காத்திருந்த பூட்டுக்காரருக்கு அவர் புக்கிங் இன்னும் வரவில்லை என்று தெரிவிக்கப்பட்டது. சரிங்க என்று அவர் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் எழுந்தவர் கமிஷன் சார். ஒவ்வொரு வேலைக்கும் இருபது சதவீதம் என்பது அவருடைய கொள்கை. வீட்டில் பிள்ளைக்குக் கைச்செலவு கொடுத்தாலும் இருபது சதவீதம் பிடித்துக்கொள்வார் என்று அலுவலகத்தில் பேச்சு உண்டு. கதவு திறக்க எவ்வளவு வாங்குவீர்கள் என்று பூட்டுக்காரரைக் கேட்டார். என் சம்சாரம் உள்ளே இருக்கிறாள், நான் எதற்கு வாங்கப் போகிறேன் என்று பதில் வந்தது.

கமிஷன் சாரின் முகம் சுருங்கிவிட்டது. "இருபது சதவீதம்ங்கறது ஒரு நம்பிக்கை சார். பூஜ்யத்துல இருபது சதவீதம் எடுத்தா அந்த நம்பிக்கை என்ன ஆகும்? சும்மா செஞ்சு கொடுக்கற ஆளுங்க இருக்கற ஊர்ல தொழில் எப்படி வளரும்?"

சீக்கிரம் வேலை முடியட்டும் என்று பூட்டுக்காரர் கூலி வாங்க ஒப்புக்கொண்டார். மடிக்கணினியைப் பார்த்து, அறுநூறு நியாயமான தொகை என்றார் கமிஷன் சார். யார் கொடுப்பது? போன் செய்தவர்தான் வாடிக்கையாளர், எனவே அக்கா. அக்கா கணவருக்கு அறுநூறு கொடுத்து, அவர் அதில் நூற்றிருபதை நிறுவனத்துக்குக் கட்டிவிட்டால், குடும்பத்துக்கு நானூற்றெண்பது மிஞ்சும் என்று கமிஷன் சார் பலகையில் போட்டுக் காட்டினார். இப்போது அறுநூறும் மிஞ்சியிருக்கிறதே என்று அக்கா கேட்டாள். அது வேறு கணக்கு என்றார் அவர்.

இந்த இடத்தில் சட்ட ஆலோசகர் கையைத் தூக்கினார். அலுவலகத்தில் அவருக்கு 'ஷரத்து' என்று பெயர். காலை வணக்கம் சொன்னாலும் இரண்டு விதிவிலக்கு சேர்த்துத்தான் சொல்வார். கசிவு என்ற ஆபத்தை யாரும் கவனிக்கவில்லை என்றார். வாடிக்கையாளரும் வேலைக்காரரும் ஒருவர் நம்பரை ஒருவர் வாங்கிக்கொண்டு, நிறுவனத்துக்குத் தெரியாமல் நேரடியாகப் பேசிக்கொள்வதற்குத்தான் கசிவு என்று பெயர். இந்தத் தொழிலின் கரையான் அது.

"உங்களுக்கு அவரோட எத்தனை வருஷமா நேரடித் தொடர்பு?" என்று அக்காவைக் கேட்டார்.

"கல்யாணமாகி பதினாறு வருஷம் சார்."

"அதுக்கு முன்னாடி?"

"அவர் கடைக்குப் பக்கத்துக் கடையில ரெண்டு வருஷம் வேலை பார்த்தேன்."

"பதினெட்டு" என்று திருத்தி எழுதிக்கொண்டார் ஷரத்து. "வீட்டு முகவரி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானா?"

அக்கா ஆமாம் என்றதும் பேனாவை மூடிவிட்டு நிறுவனரைப் பார்த்தார். இவ்வளவு மோசமான கசிவைத் தன் அனுபவத்தில் கண்டதில்லை என்பது அந்தப் பார்வையின் பொருள்.

அந்த நிமிடத்திலிருந்து கணவனும் மனைவியும் நேராகப் பேசிக்கொள்ளக் கூடாது என்றாயிற்று. சொல்ல வேண்டியதை ஷரத்து சாரிடம் சொல்ல வேண்டும். அவர் நிறுவனத்தின் சார்பில் சொல்லுவார். மணி இரண்டரை ஆகிவிட்டது, சீக்கிரம் திறங்க என்று அக்கா கதவைப் பார்த்துச் சொல்ல வாயெடுத்தாள். ஷரத்து குறுக்கே வந்து நின்று, கதவிடுக்கில் வாயை வைத்து, "வாடிக்கையாளர் சேவையைப் பெறுவதில் ஆர்வம் தெரிவித்துள்ளார்" என்று அறிவித்தார். பிறகு பூட்டுக்காரர், அவள் மதியம் சாப்பிட்டாளா என்று கேட்டார். அந்தக் கேள்வி வேலைக்குத் தொடர்பில்லாதது என்று நிராகரிக்கப்பட்டது.

ஆப்பை அக்காவின் போனில் ஏற்ற வேண்டியிருந்தது. இடம் போதவில்லை என்றது போன். எதையாவது அழிக்க வேண்டும். கணவரின் படங்களை அழித்தால் இடமும் கிடைக்கும், கசிவும் குறையும் என்று ஷரத்து யோசனை சொன்னார். அக்கா ஒரு சமையல் வீடியோவை அழித்தாள்.

அறையில் ஏசி நின்றுபோயிருந்தது. கண்ணாடி ஜன்னல் திறக்கிற ஜாதி இல்லை. ஐந்து பேருடைய மூச்சும் வியர்வையும் பலகை மார்க்கர் வாசனையும் சேர்ந்து அடைத்தன. கண்ணாடிக்குக் கீழே தெருவில் பஸ்கள் போவது தெரிந்தது. அதில் ஒன்று மருத்துவமனை வழியாகப் போகிற பஸ். அது போனதும் அக்கா அடுத்ததை எண்ண ஆரம்பித்தாள்.

அடுத்து சந்தா மேடம். அவருக்குக் கமிஷன் என்ற சொல்லே ஆகாது. மாதச் சந்தாதான் மரியாதை என்பது அவர் கட்சி. "ஒரு தடவை வந்து கதவைத் திறந்தா அது வெறும் வேலை. மாசாமாசம் வந்து திறந்தா அதுதான் உறவு" என்று தொடங்கியவர், குரலைக் கதவுப் பக்கம் திருப்பி, இந்தப் பூட்டைச் சரிசெய்தால் மறுபடி எப்போது கெடும் என்று கேட்டார்.

என் கை பட்ட பூட்டு பத்து வருஷத்துக்குத் திரும்பி வராது என்று பூட்டுக்காரர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"பாருங்க, அங்கதான் நீங்க தப்பு பண்றீங்க" என்றார் மேடம். அம்மா பிள்ளைக்குச் சொல்கிற கனிவு. "பத்து வருஷம் உங்களை நினைக்காத வாடிக்கையாளரை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? கெட்டுப்போகச் சொல்லலை. முழுசா சரியாகாமப் பார்த்துக்கங்கன்னு சொல்றேன். ஒரு முப்பது நாள் தாங்கற மாதிரி."

கதவுக்கு அந்தப் பக்கம் இரும்பு எதையோ தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. மெதுவாக வைத்ததுதான், ஆனால் பதினாறு வருடத்தில் அக்காவுக்கு அந்தச் சத்தம் பழக்கம். கோபம் வந்தால் அவர் எதையும் எறிய மாட்டார், ரொம்ப மெதுவாக வைப்பார். பிறகு அவர் ஷரத்து வழியாக ஒரு பதில் அனுப்பினார். ஷரத்து அதை மொழிபெயர்த்து, 'வேலைக்காரருக்குச் சந்தா முறையில் சில தயக்கங்கள் உள்ளன' என்று குறித்துக்கொண்டார். அசல் பதில் அறையில் எல்லாருக்கும் நன்றாகவே கேட்டிருந்தது.

மணி இரண்டு ஐம்பது. நிறுவனருக்கு அப்போது ஒரு பச்சைச் சீட்டு தோன்றியது: ஏலம். வேலைக்காரர்கள் போட்டி போட வேண்டும், குறைந்த விலை சொல்கிறவருக்கு வேலை. போட்டிக்கு இன்னொருவர் வேண்டுமே? வெளியே இன்னொருவர் இருக்கத்தான் செய்தார். வாட்ச்மேன், தனக்குப் பூட்டு வேலை தெரியாது என்று முறையிட்டார். தெரியுமா என்பது ஆப்பில் ஒரு கேள்வியே இல்லை என்று அவருக்கு விளக்கப்பட்டது. பூட்டுக்காரர் அறுநூறிலிருந்து இறங்கி ஒன்றுமில்லை என்றார். பூஜ்யம் ஏலத்தில் செல்லாது என்று கமிஷன் சார் தடுத்துவிட்டார். வாட்ச்மேன் என்ன சொல்வதென்று தெரியாமல், ஒரு டீக்காசு போதும் என்றார். ஏலம் முடிந்தது. வேலை வாட்ச்மேனுக்கு.

"இதுதான் சந்தையோட சக்தி" என்றார் நிறுவனர். "அறுநூறு ரெண்டே நிமிஷத்துல டீக்காசு ஆயிடுச்சு பாருங்க!"

வாட்ச்மேன் நல்ல மனிதர். ஒப்புக்கொண்ட வேலையைச் செய்யாமல் விடுகிற வழக்கம் இல்லாதவர். பூட்டுக்காரரின் திருப்புளியைக் கேட்டு வாங்கி, சாவித் துளைக்குள் விட்டு, குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு ஒரு திருகு திருகினார். முனை ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டது. பூட்டுக்காரர் குனிந்து பார்த்தார். இனி இந்தப் பக்கமிருந்து பூட்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டும், ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்.

அக்கா நேரம் பார்த்தாள். மூன்று ஐந்து. கணவரின் ஸ்கூட்டரில் போனாலும் மருத்துவமனைக்கு இருபது நிமிடம். அறுத்து எடுக்கிறவரை காத்திருந்தால், அந்த வேலையில் அடுத்த பெயர்க்காரி போய் உட்கார்ந்துவிடுவாள். மூன்று வருடம்! தோளில் மாட்டிய பையை அவள் இதுவரை கீழே இறக்கவில்லை. இறக்கிவிட்டால் போகப்போவதில்லை என்று ஆகிவிடும் போலிருந்தது.

அப்போது கதவுக்கு அப்பாலிருந்து கணவரின் குரல் வந்தது. ஷரத்து சாரை மரியாதையாகக் கூப்பிட்டு, "கீல் உள்பக்கமா இருக்கான்னு வாடிக்கையாளரைக் கேட்டுச் சொல்லுங்க சார்" என்றார்.

ஷரத்து யோசித்தார். கீல் என்பது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. உடம்பு சம்பந்தப்பட்ட விஷயமாக இருக்கலாம் என்று சந்தேகித்து, தனிப்பட்ட கேள்விகளுக்கு அனுமதியில்லை என்று சொல்லிவிட்டார். சொல்லித்தான் ஆக வேண்டுமா என்ன? பலகைக் கதவு. அக்காவுக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு. கீல் மூன்றும் இந்தப் பக்கம்தான். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கம்பி. மூன்று கம்பியையும் உருவிவிட்டால் பூட்டு பூட்டியபடியே இருக்கும், கதவு கையோடு வந்துவிடும். பூட்டுக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு இதுகூடத் தெரியாதா?

ஆனால் முதலில் கையெழுத்து. கம்பியை உருவ ஆரம்பித்தால் நிறுவனருக்குக் கோபம் வந்தாலும் வரும்.

அதற்கு வழியை ஷரத்தே செய்து வைத்திருந்தார். ஏலம் ரத்து, வாட்ச்மேன் விலகல், திருப்புளிச் சேதத்துக்குப் பொறுப்பின்மை, கசிவு ஒப்புதல் என்று கையாலேயே பதினோரு தாள் எழுதி முடித்திருந்தார். கையில் ஏதாவது எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பது என்றாலே அந்த அலுவலகத்தில் அக்காவின் வேலை. தாள்களை அவளிடமே கொடுத்து நிறுவனரிடம் நீட்டச் சொன்னார். அவள் ஐந்தாவது தாளுக்கும் ஆறாவது தாளுக்கும் நடுவில் தன் அனுபவக் கடிதத்தை வைத்து நீட்டினாள். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது வேகத்தைக் குறைக்கும் என்பது நிறுவனரின் நிர்வாகக் கொள்கை. பன்னிரண்டு கையெழுத்தும் விழுந்தன. ஒன்று பையிலிருந்த உறைக்குள் போயிற்று.

பிறகு அவள் டீ ஸ்பூனை எடுத்தாள்.

கீழ்க் கீலில் ஸ்பூனின் காம்பைக் கம்பிக்கு அடியில் கொடுத்து, டீ கொண்டுவந்த ஃபிளாஸ்கின் அடிப்பக்கத்தால் தட்டினாள். பெயின்ட் பூசிப் பூசிக் கம்பி இறுகிக் கிடந்தது. சந்தா மேடத்திடம் கைக்குப் பூசுகிற கிரீமைக் கேட்டு வாங்கித் தடவினாள். நடுவில் இரண்டு தடவை, சத்தம் விவாதத்துக்கு இடைஞ்சலாக இருப்பதாகக் கமிஷன் சார் குறைப்பட்டார். மூன்று இருபதுக்கு முதல் கம்பி கீழே விழுந்து உருண்டது. நடுக்கம்பி சுலபமாக வந்தது. மேல்கம்பிக்கு நாற்காலி போட்டு ஏறினாள்.

நாற்காலிமேல் நின்றபோதுதான் நிறுவனர் அவளைக் கவனித்தார். வாயைத் திறந்தபடி சற்று நேரம் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வரவில்லை. அதைவிட ஆபத்தான ஒன்று வந்தது, ஒரு யோசனை.

"எல்லாரும் இங்க பாருங்க" என்றார். குரல் தழுதழுத்தது. "வாடிக்கையாளர்! அவங்களே அவங்க வேலையைச் செஞ்சுக்கறாங்க. பதினாலு மாசமா நாம வேலைக்காரனை எங்க தேடறது, அவனுக்கு என்ன கொடுக்கறதுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டோம். வேலைக்காரன் எதுக்கு? வாடிக்கையாளர் பட்டனை அழுத்தணும், பணத்தைக் கட்டணும், அவங்களே வேலையைச் செஞ்சுக்கணும். கமிஷன் இருபது சதவீதம் இல்லை சார், நூறு!"

கமிஷன் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. மாதச் சந்தாவும் இதில் அழகாகப் பொருந்தும் என்று மேடம் சேர்த்துக்கொண்டார். கசிவுக்கு இடமே இல்லை, ஒருவர் தன்னோடு தானே நேரடியாகப் பேசிக்கொள்வதை மட்டும் ஒரு ஷரத்தில் கவனித்துக்கொள்ளலாம் என்றார் ஷரத்து. பதினான்கு மாதத்தில் நான்கு பேரும் ஒத்துப்போனது அன்றுதான். மடிக்கணினியில் பட்டன் தயாராக ஆரம்பித்தது.

"அக்கா" என்றார் நிறுவனர், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு. "ஒரே ஒரு உதவி. அந்தக் கம்பியை எல்லாம் திரும்ப அதுஅது இடத்துல போட்டுடுங்க. பட்டன் வர அஞ்சு நிமிஷம். அதை அழுத்திட்டு முதல்லேர்ந்து எடுங்க. அப்பதான் இது நாங்க செஞ்சு கொடுத்த வேலை."

மணி மூன்று முப்பத்தொன்று.

அக்கா கீழே அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. வந்து, உட்கார்ந்து, காத்திருங்கள் என்று சொல்கிற எல்லா முகமும் இப்படித்தான் இருக்கும். அவள் மேல்கம்பியை உருவித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"ஏங்க, தள்ளுங்க" என்றாள், கதவைப் பார்த்து, நேராகவே.

கசிவு, கசிவு என்று ஷரத்து எழுந்தார். அதற்குள் கீல் பக்கம் கதவு விலகி, பூட்டின் நாக்கு நிலையிலிருந்து நழுவி, முழுக் கதவும் உள்ளே சாய்ந்தது. அதை இந்தப் பக்கம் அக்காவும் அந்தப் பக்கம் அவரும் ஆளுக்கொரு விளிம்பாகப் பிடித்தார்கள். பிடித்துச் சுவரில் சாத்தினார்கள். வாசல் திறந்து கிடந்தது. வராந்தாக் காற்று உள்ளே வந்து சுவரிலிருந்த மஞ்சள், பச்சைச் சீட்டுகளைப் படபடவென்று அடித்தது.

வாசல் திறந்ததே தவிர நான்கு பேரில் ஒருவரும் அசையவில்லை. கூட்டம் முறைப்படி முடியவில்லையே. கமிஷன் சார் தீர்மானத்தை வாசிக்கத் தொடங்கினார்.

பூட்டுக்காரருக்கு ஒரு தயக்கம் இருந்தது. கழற்றிய கதவை மாட்டாமல் அவர் எந்த வீட்டை விட்டும் வந்தது கிடையாது. கல்யாண நாளன்றுகூட ஒரு கதவை மாட்டிவிட்டுத்தான் வந்தார். கை தானாகக் கதவின் விளிம்பைத் தேடிப் போயிற்று. அக்கா படியில் பாதி இறங்கியிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். அவர் கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பையை அள்ளிக்கொண்டு ஓடினார். வாட்ச்மேன் கூடையிலிருந்த போன்களுக்குக் காவலாக அங்கேயே நின்றார்.

ஸ்கூட்டர் இரண்டு சிக்னலில் நின்றது. ஒன்றில் நிற்கவில்லை. மருத்துவமனை அலுவலகத்தின் நீள வராந்தாவில் அக்கா போய் நின்றபோது மணி மூன்று ஐம்பத்தேழு. அடுத்த பெயர்க்காரி எழுந்து, முந்தானையைச் சரிசெய்து, கதவருகே தயாராக நின்றிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்தாள். அக்காவால் அவளை நேராகப் பார்க்க முடியவில்லை.

குமாஸ்தா உறையைப் பிரித்து, அனுபவக் கடிதத்தை மேலும் கீழும் பார்த்தார். கையெழுத்தைச் சற்று உற்றுப் பார்த்தார். அவர் முத்திரையை மையில் ஒற்றிக் குத்தினார். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வந்துவிடுங்கள் என்றார். அவ்வளவுதான். மூன்று வருடம் காத்திருந்தது அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

வெளியே வந்து பெஞ்சில் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாப்பிட்டாயா என்று அவர் கேட்டார். இல்லை என்றாள். அப்போது போன் அடித்தது. நிறுவனர்.

கடிதத்தைக் கண்டுபிடித்துவிட்டாரோ என்று பயந்தபடி எடுத்தாள். இல்லை, அவர் கடிதத்தைப் பற்றிப் பேசவே இல்லை. கதவை உடனே வந்து மாட்டித் தரும்படி வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும், கூலி எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, பட்டன்கூட வேண்டாம் என்றார். குரல் தனியாக ஒலித்தது. பின்னால் யாரும் பேசுகிற சத்தம் இல்லை.

"வழிதான் திறந்தாச்சே சார்" என்றாள் அக்கா. "கதவுக்கு என்ன அவசரம்?"

"அதுதாம்மா பிரச்சினை. வெளிய போக வழி இருக்குன்னு தெரிஞ்சதும் ஒருத்தர்கூட உட்காரலை."